பென்சில் புள்ளடி போட்ட இடங்கள்

போன மாதம் எங்கள் வங்கியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வங்கி என்று சொல்வது பழக்கதோஷம். நான் ஓய்வுபெற்று ஐந்து வருஷமாகிறது. நான் உட்கார்ந்த கதிரையைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வந்த இருவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஒரு பையன், ஒரு பெண். பையன் வாசலிலேயே போனை எடுத்து வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"மிஸ், அஞ்சே நிமிஷம்தான். கடன் எடுக்கிற இளைஞர்களுக்கு நீங்க நாலு புத்திமதி சொன்னாப் போதும். வீடியோ நாங்களே எடுத்துக்குறோம்" என்றாள் பெண்.

"என்ன திடீர்னு புத்திமதி?"

"புதுசா ஒரு ஆப் வருதுங்க மிஸ். வீட்ல இருந்தே லோன் போடலாம். பத்து நிமிஷத்துல காசு கணக்குக்கு வந்துரும்."

"புத்திமதிக்கு அஞ்சு நிமிஷம், கடனுக்குப் பத்து நிமிஷம். எங்க காலத்துல புத்திமதி அரை நாள், கடன் ஆறு மாசம். நல்ல முன்னேற்றந்தான்" என்றேன்.

இருவரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் ஒரு படிவத்தை டீப்போ மேசையில் வைத்தாள். ஒப்புதல் படிவமாம். நான்கு பக்கம். கையொப்பமிட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போலச் சின்னச் சின்னப் புள்ளடி போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பேனையைத் தேடியது. முப்பத்திரண்டு வருஷம் அந்தப் புள்ளடியைப் பார்த்துப் பழகிய கை. அந்தப் படிவத்துக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது.

நான் மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் ஸ்டெல்லா. வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அடகுப் பிரிவில் நகை உரைத்துப் பார்க்கப் பழகி, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அளவுக்கு அதட்டப் பழகி, பிறகு ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்த் தவணை கட்டாதவர்களைத் தேடுகிற வெளிக்கள உத்தியோகத்தராக ஆனேன். அந்த இருபது வருஷத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மழை, நாய், "அவர் வீட்ல இல்லீங்க" என்கிற பதில். அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் தங்கராஜா சேர் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் கிளை முகாமையாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். வாழ்நாளில் யாருக்கும் "இல்லை" என்று சொல்லாத மனிதர். கடன் கேட்டு வருகிறவரிடம் முதலில் தாயாரின் சுகத்தை விசாரிப்பார். பிறகு படிவத்தின் நான்கு ஓரங்களையும் மேசையில் தட்டித் தட்டிச் சமப்படுத்துவார். கடைசியில் "பார்ப்போம்" என்பார். கொடுக்கப்போகிறவருக்கும் பார்ப்போம்தான், கொடுக்காதவருக்கும் பார்ப்போம்தான். வித்தியாசம் மின்விசிறியில் இருந்தது. கடன் கிடைக்கும் என்றால் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டுவிடுவார். கிடைக்காதென்றால் வந்தவர் வியர்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். பழைய வாடிக்கையாளர்கள் அறையைவிட்டு வெளியே வந்ததும் மற்றவர்கள் "ஃபேன் போட்டாரா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு எனக்கு மின்விசிறி போட்டார்.

"ஸ்டெல்லா, இளம்பிள்ளைகளுக்குக் கடனைப் பத்திச் சொல்லிக் குடுக்கணும்னு தலைமையகத்துல இருந்து வந்திருக்கு. யட்டவத்த, பல்லேபொல, எல்லா இடத்துலயும் செயலமர்வு. நீங்கதான் சரியான ஆள்."

"என்ன சொல்லிக் குடுக்கணும் சேர்?"

"தேவையில்லாமக் கடன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கணும்."

"சரிங்க சேர்."

"சொல்லி முடிஞ்சதும் வாசல்ல மேசை போட்டு லோன் போர்ம் குடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அவர் ஓரங்களைத் தட்டியபடி, "பயமுறுத்திறாதீங்க ஸ்டெல்லா. பயந்தவன் வாங்க மாட்டான். படிச்சவன்தான் வாங்குவான்" என்றார்.

மாதக் கடைசியில் அனுப்ப வேண்டிய அறிக்கையில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று, செயலமர்வுக்கு வந்தவர்கள் எத்தனை பேர். மற்றது, அவர்களில் கடனுக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர். இரண்டாவது நிரல் கூடினால் நான் நல்ல ஆசிரியை. நான் உயிரைக் கொடுத்துப் படிப்பித்த மாதங்களில் அந்த நிரல் மெலிந்துபோகும். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கடன் எடுத்தவர்களுக்கு வங்கியின் பெயர் போட்ட குடை ஒன்று கொடுத்தோம். கடனே வேண்டாம் என்று தெளிந்துபோன பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஆனாலும் நான் நன்றாகத்தான் படிப்பித்தேன். அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

என் வித்தை இது. வகுப்பு தொடங்கி கொஞ்ச நேரத்தில் ஒரு கிளிப் போர்டைக் கடைசி வரிசையில் கொடுத்துவிடுவேன். "வரவு. எல்லாரும் பேரெழுதிச் சைன் வைங்க. சைன் வச்சவங்களுக்குத்தான் சோத்துப் பார்சலும் செர்ட்டிபிக்கேட்டும்" என்பேன். சிங்களத்திலும் அதையே சொல்வேன். தாளின் மேல் பாதியைப் பின்னால் மடித்துக் கிளிப்புக்குள் செருகியிருப்பேன். கீழ்ப் பாதியில் வெறும் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பென்சில் புள்ளடி. போர்ட் சுற்றி என் கைக்கு வந்ததும் மடிப்பைப் பிரித்துச் சத்தமாக வாசிப்பேன். "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், இவ்வகுப்பில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர் பெறும் ஐந்து இலட்சம் ரூபாய் கடனுக்குப் பிணை நிற்கிறோம். அவர் கட்டத் தவறினால் நாங்கள் கட்டுவோம்." மண்டபத்தில் ஒரே கூச்சல். முதலாவதாகக் கையெழுத்திட்டவனைப் பார்த்து எல்லாரும் திட்டுவார்கள். அவன் எழுந்து நின்று கும்பிடுவான். அந்தக் கூச்சல் அடங்கியதும் மூன்று கேள்விகளைச் சொல்லி, திரும்பச் சொல்ல வைப்பேன். யார் வாங்குகிறார்? எதற்கு வாங்குகிறார்? அவர் கட்டாவிட்டால் யார் கட்டுவது? இந்த மூன்றுக்கும் பதிலைத் தாளில் கண்ணால் பார்க்காமல் பேனையைத் திறக்கக் கூடாது. எட்டு வருஷம் இதைச் செய்தேன். மாத்தளை பஸ் நிலையத்தில் என்னைப் பார்க்கிற பிள்ளைகள் "கையெழுத்து மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது வெட்கக்கேடான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளைக்குள் ஒரு வழக்கம் இருந்தது. உத்தியோகத்தர் கடனுக்கு இரண்டு பேர் பிணை வேண்டும். எனக்கு நீங்கள், உங்களுக்கு நான், நமக்கு அவர் என்று வட்டமாகப் பிணை நிற்போம். படிவம் தேநீர் நேரத்தில் மேசை மேசையாக வரும், கையெழுத்திட வேண்டிய இடத்தில் புள்ளடியோடு. அதை யாரும் வாசிக்க மாட்டோம். கூட வேலை செய்கிற ஒருவர் நீட்டுகிற தாளை வாசித்துப் பார்ப்பது அவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். தங்கராஜா சேரின் படிவமே ஒருமுறை என்னிடம் வந்தது. பல்லேபொலவுக்குப் போகிற அவசரத்தில், பிணை நிற்பதைப் பற்றிப் படிப்பிக்கக் கிளிப் போர்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய கடனுக்குப் பிணையாக வாசிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் போனேன். தொகை எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. சேர் ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தார். மற்றவர்களும் கட்டினார்கள். பத்தொன்பது பேருக்குப் பிணை நின்றிருக்கிறேன். ஒருவர்கூட என்னைக் கவிழ்க்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. அறிமுகமில்லாதவன் தாளைத்தான் வாசிக்க வேண்டும், நம்மாட்கள் தாளை வாசிக்கத் தேவையில்லை என்று மனதுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

சேரின் படிவத்தில் கையெழுத்திட்ட அன்றைக்குப் பல்லேபொல மண்டபத்தில் கிளிப் போர்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், முக்காடு போட்ட மெலிந்த பிள்ளை, கிளிப்பைத் திறந்து மடிப்பைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். பெயர் ரிஸ்னா என்று பிறகு தெரிந்தது.

"மிஸ், இது வரவு இல்ல. மடிச்ச எடத்துல வேற என்னமோ எழுதி ஈக்குது."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் வித்தை போய்விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். நான் படிப்பிக்க நினைத்ததை நான் வாய் திறக்கும் முன்பே செய்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் முதல்முறையாக என் பகிடி பலிக்கவில்லை.

"உங்கள வாசிக்கச் சொல்லல மகள். சைன் வைக்கச் சொன்னேன். வைக்காட்டிப் பார்சல் இல்ல, தெரியுந்தானே?"

"பார்சல் வேணாம் மிஸ்."

"செர்ட்டிபிக்கேட்டும் இல்ல."

"அதும் வேணாம். இதுல சைன் வெக்க ஏலா மிஸ்."

கடனைப் பற்றிப் படிப்பிக்கிற வகுப்பில், வாசிக்காமல் பிணை நிற்க மறுத்த ஒரே பிள்ளையைச் சோறில்லாமல் உட்கார வைத்த பெருமை எனக்குண்டு. அறிக்கையில் இதை எழுதவில்லை.

மத்தியானம் எல்லாரும் பார்சலைப் பிரித்தபோது அவள் வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. என் பார்சலில் பாதியை இலையோடு பிய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

"மிஸ், சைன் வெச்சதுக்குப் பொறகு அதுல இருந்து எப்பிடி வெளிய வாறது? அதச் செல்லித் தாறதுக்கும் ஏதும் வகுப்பு ஈக்குதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். என் குறிப்பேட்டில் அப்படி ஒரு பாடமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி, பாக்கு மரம், நான்கு கோழி. அவளுடைய வாப்பா மௌத்தாகி மூன்று வருஷம். உம்மா ஐந்து பெண்களாகச் சேர்ந்து எடுக்கிற குழுக் கடனில் சேர்ந்திருந்தார். ஐந்து பேரில் ஒருத்தி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாளென்று தெரியாது. மற்ற இருவரும் தங்களுடையதை மட்டும் கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் காசு எடுக்க வருகிறவன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவான். உம்மா தன் பங்கோடு போன இருவருடைய பங்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் உம்மா, வாசிச்சுப் பார்க்கலியா?"

"அஞ்சு பேரும் ஒண்டா ஈந்தோம். மத்தவங்க வெக்கக்குள்ள நான் மட்டும் எப்பிடி வாசிக்கிறது? என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றார். எனக்கு எங்கள் கிளைத் தேநீர் மேசைதான் நினைவுக்கு வந்தது.

ஒரு பிஸ்கட் டின்னில் துண்டுச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திகதிப்படி பாயில் அடுக்கினேன். அடுக்க அடுக்கத்தான் விஷயம் வெளியே வந்தது. ஐந்து பவுண் மாலை ஒன்றை அடகு வைத்து அந்தக் காசில் செவ்வாய்க்கிழமைத் தவணை கட்டியிருக்கிறார். பிறகு சீட்டுக் காசு எடுத்து மாலையை மீட்டிருக்கிறார். மறுபடி அடகு. மறுபடி மீட்பு. நான்கு முறை. இரண்டு இடத்திலும் வட்டி. அடகு வைத்தது எங்கள் வங்கியில். இரண்டு சீட்டுகளில் நகையை மதிப்பிட்டவர் என்ற இடத்தில் எங்கள் கிளைப் பிள்ளைகளின் கையொப்பம் இருந்தது.

"அடகு வைக்காதீங்க உம்மா, வித்துருங்க" என்றேன். "வித்துட்டு முழுசாக் கட்டி, கடன் முடிஞ்சுதுன்னு கடிதம் வாங்குங்க. இப்பிடியே போனா மாலையும் போகும், கடனும் நிக்கும்."

"அது இவட கலியாணத்துக்கு வெச்சது" என்று உம்மா அழுதார். "அடகுல ஈந்தா எண்டைக்காச்சும் மீட்டுக்கலாம். வித்தா போச்சிதானே மிஸ்!"

ரிஸ்னா அழவில்லை. "வித்துருவோம் உம்மா" என்றாள்.

விற்றார்கள். நானும் குழுக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கூடப்போய், தண்டப் பணத்தைக் குறைக்கச் சொல்லி அரை நாள் சண்டை பிடித்தேன். கடன் முடிந்த கடிதத்தை ரிஸ்னா அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஒரு பெயர் பிழையாக இருந்தது, மாற்றி எழுதித் தரும்வரை நகரவில்லை. தங்கராஜா சேர் அந்த மாத அடகுக் கணக்கைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, என் அம்மாவின் சுகத்தை விசாரித்தார். மின்விசிறி போடவில்லை.

உம்மா அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. ரிஸ்னா படித்தாள், பரீட்சை எழுதினாள், யட்டவத்தவில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. கலியாணமும் நடந்தது, அந்த மாலை இல்லாமல். எனக்குப் பிரியாணி வந்தது. கொடுத்தனுப்பியது ரிஸ்னா.

நான் ஓய்வுபெற்றேன். ஓய்வில் கிடைத்த சேமலாபப் பணத்தில் கூரையை மாற்றினேன். மிச்சம் என் வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது, அவரும் போய்விட்டார். வீட்டில் நானும் மகன் ஜூட்டும்தான். ஜூட் வெள்ளைக்காரர்களுக்கு ஏலம், கறுவா காட்டி விற்கிற ஒரு வாசனைத் தோட்டத்தில் வேலை செய்தான். இடையில் வெள்ளைக்காரர் வரத்து நின்றது, சம்பளமும் நின்றது. வாய் திறக்காத பிள்ளை. கேட்டால் "பரவால்லம்மா" என்பான்.

போன வருஷம் எனக்குச் சில போன் அழைப்புகள் வந்தன. "ஸ்டெல்லா மேடமா? உங்க நம்பரத் தொடர்புக்குக் குடுத்திருக்காங்க, ஒரு கடன் நிலுவை..." என்று ஒரு பையன் தடதடவென்று ஆரம்பித்தான். அவன் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "நிறுத்துங்க தம்பி. முதல்ல வணக்கம் சொல்லணும். அப்புறம் பேரு, எங்கேருந்து பேசுறீங்கன்னு சொல்லணும். நான் இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவ. இப்பிடிப் பேசினா எவன் கட்டுவான்?" என்று பத்து நிமிஷம் படிப்பித்துவிட்டு போனை வைத்தேன். ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு இலவசப் பயிற்சி கொடுத்தேன். மூன்றாவது ஆள் "தேங்க்ஸ் மேடம்" என்றான். யாருடைய கடன் என்று ஒருவனிடமும் நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஜூட் ஒரு படிவத்தோடு வந்தான். மிளகாய், மல்லி அரைக்கிற மெஷின் ஒன்று போடப்போகிறானாம். நிரந்தர உத்தியோகத்தில் உள்ள ஒருவர் பிணை வேண்டுமாம். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாக் கேளுங்கம்மா" என்றான். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பையன் கடைசியில் ஒரு வழிக்கு வந்துவிட்டான். படிவத்தை ஒரு புது ஃபைல் கோவையில் போட்டு, கையெழுத்திட வேண்டிய இடத்தில் நானே என் கையால் பென்சில் புள்ளடி போட்டு, யட்டவத்தவுக்குப் பஸ் ஏறினேன்.

ரிஸ்னா வீட்டில் இருந்தாள். தேநீரும் தொதல் இனிப்பும் வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "உங்கட மகனுக்குத்தானே மிஸ், தாங்க பாப்போம்" என்று கோவையைக் கையில் வாங்கினாள். பேனையை எடுப்பாள் என்று பார்த்தால் கண்ணாடியை எடுத்தாள்.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பல்லேபொல மண்டபத்தில் வந்த அதே கோபம். என்னையுமா? தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"மிஸ், மெஷின் வாங்கவெண்டுதானே சென்னீங்க?"

"ஓம், மில்லு போட."

"இதுல அப்பிடி இல்லயே." தாளை என் பக்கம் திருப்பி, நான் வகுப்பில் செய்ததைப் போலவே சத்தமாக, நிதானமாக வாசித்தாள். "கடனின் நோக்கம்: முன்னர் பெற்ற கடன்களைத் தீர்த்தல். கடன்களின் எண்ணிக்கை: நான்கு."

நான்கு. அந்தப் போன் பையன்கள் மூவரும் அப்போதுதான் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். நான் மரியாதை சொல்லிக் கொடுத்துத் துரத்தியதெல்லாம் என் மகனின் கடன்காரர்களை. மாதாவே, நான் எவ்வளவு பெரிய மடைச்சி! ஆயிரம் பிள்ளைகளுக்கு வாசி வாசி என்று கத்தியவள், என் வீட்டுத் தாளைப் புதுக் கோவையில் போட்டு ஊர்வலமாக எடுத்து வந்திருக்கிறேன், ஒரு வரி வாசிக்காமல்.

"மூணு கேள்வி கேக்கச் சென்னீங்க மிஸ். ரெண்டாவதுலயே பதில் ஒத்துவரல்ல." கண்ணாடியைக் கழற்றி வைத்தாள், அவளுக்கும் அது லேசாக இருக்கவில்லை. "எனக்கு ரெண்டு புள்ள ஈக்குது. குறை நெனக்காதீங்க. ஏலா மிஸ்."

நான் எழுந்துவிட்டேன். கண்ணீரை அவள் பார்க்கக் கூடாதென்று செருப்பைத் தேடினேன். வாசல் வரை வந்தவள் என் கையைப் பார்த்தாள். அதில் என் கலியாண வளையல் நான்கும் இருந்தன. கிழமைக் கடைசியில் அவற்றை அடகு வைத்து ஜூட்டின் மெஷினுக்கு முற்பணம் கொடுப்பதாக யோசித்திருந்தேன். அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, மெதுவாக, "அடகு வெக்காதீங்க மிஸ், வித்துருங்க" என்றாள்.

பஸ்ஸில் மாத்தளை வரும்வரை அந்த உம்மாவின் அழுகை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

வீட்டுக்கு வந்து கோவையை ஜூட்டின் முன்னால் வைத்தேன். "இது என்னடா?" என்றேன். போனுக்கு ஒரு கடன். அதைக் கட்ட ஆப்பில் ஒரு கடன். அதைக் கட்ட இன்னொன்று. சம்பளமில்லாத மாதங்களில் வீட்டுக்கு அரிசி சாமான் வாங்கியது நான்காவது கடன். அந்த அரிசியை நானும்தான் சாப்பிட்டேன்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ஊர் முழுக்கக் கையெழுத்து மிஸ்ஸோட மகன்னு சொல்றாங்க. எப்பிடிம்மா சொல்றது?" என்றான்.

"சரி, சொல்லல. படிவத்துல எழுதித்தானே வச்சிருந்தே. நான் வாசிச்சிருந்தா?"

கோவையை மூடி வைத்தான். "நீங்க வாசிக்க மாட்டீங்கன்னு தெரியும்மா. நீங்க தெரியாதவங்களோடத மட்டுந்தான் வாசிப்பீங்க."

அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. அவன் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வரச் சொல்லி, அவனுடைய நான்கு கடனையும் பாயில் திகதிப்படி அடுக்கினோம்.

வளையல்களை விற்றோம். நகைக்கடைக்காரர் பற்றுச்சீட்டை நீட்டி, "புள்ளடி போட்ட எடத்துல வைங்கம்மா, ஆளுங்க நிக்குறாங்க" என்றார். ஆட்கள் நிற்கட்டும் என்று வாசித்தேன். நிறை இருநூறு மில்லிகிராம் குறைத்து எழுதியிருந்தது. மாற்றி எழுதினார். ஆனாலும் கை வெறுமையாக வீட்டுக்கு வருவது கஷ்டமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்று கடன் முடிந்தது. நான்காவதை ஜூட் இப்போது ஒரு கடையில் வேலை செய்து மாதாமாதம் கட்டுகிறான். மெஷின் பேச்சு எடுக்கவில்லை.

போன மாதம் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு வருகிறேன். டீப்போவில் நான்கு பக்கப் படிவம், மூன்று புள்ளடி. பையன் போனை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறான். பேனையைத் தேடிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜூட்டைக் கூப்பிட்டேன்.

"கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. நீயே வாசி. சத்தமா" என்றேன். கண்ணாடி என் தலையில்தான் இருந்தது.

"அது சும்மா ஒரு ஒப்புதலுக்குத்தாங்க மிஸ், வாசிக்கிறதுக்கு ஒன்னுமில்ல" என்றாள் பெண்.

ஜூட் வாசித்தான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பையனின் கை வலித்து போன் இறங்கியது. மூன்றாம் பக்கத்தில் ஏழாவது நிபந்தனை. "பங்குபற்றுநரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை மாற்றங்களுடனோ மாற்றங்களின்றியோ தமது எந்தவொரு கடன் சேவையின் விளம்பரத்துக்கும் நிறுவனம் பயன்படுத்தலாம்." அவ்விடத்தில் அவன் நின்றான். மறுபடி ஒருமுறை தனக்குள் வாசித்தான்.

ஜூட் எழுந்து உள்ளே போனான். மேசை லாச்சியைக் கிளறுகிற சத்தம் கேட்டது. ஒரு அழிறப்பரோடு வந்து, டீப்போவுக்கு முன்னால் குந்தி, மூன்று புள்ளடியையும் ஒவ்வொன்றாக அழித்தான். தூளை ஊதித் தட்டிவிட்டுத் தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினான்.

"அம்மாவுக்கு ஏலாதாம்" என்றான்.